நீரில் மலர்ந்து காகிதத்தில் நிலைத்த கலை: உஸ்மானியரின் எப்ரு

நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்துப் பழைய நூல்கள் சில இன்றும் பரணிலோ அலமாரியிலோ பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஓதி ஓதி ஓரம் தேய்ந்த முஸ்ஹஃப், அரபுத் தமிழ்க் கிதாபு, வணிகக் கணக்குப் பேரேடு என அவை பலவகைப்படும். அவற்றுள் சிலவற்றின் அட்டையைத் திறந்தால் உட்பக்கத்தில் ஒரு வண்ணக் காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். கலைந்த மேகம் போலவும், பளிங்குக் கல்லில் ஓடும் வரிகள் போலவும், மயில் தோகை போலவும் அதன் வண்ணங்கள் விரவிக் கிடக்கும். மூத்தோர் ஓதிக்கொண்டிருக்கையில் அருகே அமர்ந்து, அந்தக் காகிதத்தில் மீனையும் மலையையும் தேடிய நினைவு நம்மில் சிலருக்கு இருக்கக்கூடும்.

பைண்டிங் செய்வோர் ‘மார்பிள் பேப்பர்’ என்றழைக்கும் இக்காகிதம், பிற்காலத்து நூல்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இயந்திரத்தில் அச்சிடப்பட்ட நகலே. எத்தனை தாள் எடுத்தாலும் அவை ஒன்றுபோலவே இருக்கும். அதன் மூலமோ, ஒரு தாளைப் போல் மறு தாள் ஒருபோதும் அமையாத கைவினையாகும். உலகெங்கும் பல மொழிகளில் பல பெயர்களால் அறியப்பட்ட அக்கலை, இஸ்தான்புல் நகரில் ‘எப்ரு’ என்னும் பெயரோடு வளர்ந்து, அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது. அதை மீட்டவர்களின் வரிசையைப் பார்த்தால் நமக்கு வியப்பே மேலிடுகிறது. பள்ளிவாசலின் கதீப் ஒருவர், தைக்காவின் ஷைகு ஒருவர், ஐவேளைத் தொழுகை நடத்திய இமாம் ஒருவர், வாசனைப் பொருளும் மூலிகையும் விற்ற கடைக்காரர் ஒருவர் என, நம் ஊர்த் தெருக்களில் நாம் அன்றாடம் காணும் மனிதர்களைப் போன்றவர்களே இக்கலையைத் தோளில் சுமந்து வந்திருக்கின்றனர். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

பெயரும் பிறப்பும்

நீர்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டுக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் வழக்கம் கீழை நாடுகளில் முதலில் தோன்றியது. ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டிலேயே ‘சுமிநாகாஷி’ என்னும் பெயரில் மையை நீரில் மிதக்கவிட்டுத் தாள்களை அழகுபடுத்தியிருக்கின்றனர். மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் வளர்ந்த முறை இதனின்று வேறுபட்டது. அங்கே வெறும் நீருக்குப் பதிலாகப் பிசின் கரைத்த கெட்டியான நீர் பயன்பட்டது. அதனால் வண்ணங்கள் கலைஞரின் கைக்கு ஓரளவு கட்டுப்பட்டன.

பாரசீகத்தில் இதனை ‘அப்ரி’ என்றனர். ‘அப்ர்’ என்றால் மேகம். எனவே மேகம் போன்றது என்பது அதன் பொருள். அச்சொல்லே துருக்கிய நாவில் ‘எப்ரு’ ஆயிற்று என்பர். ‘ஆப்’ என்ற நீரையும் ‘ரூ’ என்ற முகத்தையும் சேர்த்து ‘நீரின் முகம்’ எனப் பொருள் கொள்வாரும் உளர். இரண்டு விளக்கங்களுமே இக்கலைக்குப் பொருந்துகின்றன.

இக்கலையின் தொடக்க வரலாற்றில் நம் துணைக்கண்டத்திற்கும் ஓர் இடமுண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆதில்ஷாஹி சுல்தான்களின் ஆட்சியில் இருந்த பீஜப்பூரில், அப்ரி முறையைக் கொண்டு ஓவியங்களையே தீட்டினர். எலும்பும் தோலுமான குதிரை ஒன்றையும் அதன்மேல் அமர்ந்தவரையும் காட்டும் அத்தகைய பீஜப்பூர்ப் படம் ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. படத்தில் வண்ணம் படவேண்டாத பகுதிகளை மறைத்துவிட்டு, எஞ்சிய இடத்தில் மட்டும் மேக வண்ணத்தை ஏற்றும் நுட்பம் அது. 1686ஆம் ஆண்டு பீஜப்பூர் முகலாயர் வசமானது. தக்காணத்து அப்ரி ஓவியப் பாணியும் அந்த நூற்றாண்டோடு ஓய்ந்தது. பேரழகு வாய்ந்த அப்படங்கள் அருங்காட்சியகங்களில் எஞ்சின. அவற்றைச் செய்யும் கை எஞ்சவில்லை. இஸ்தான்புல்லில் நடந்தது வேறு. அந்த வேறுபாடு எதனால் விளைந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் தேடும் விடை.

தொட்டியும் பித்தமும் ரோஜாக் கிளையும்

வரலாற்றைத் தொடருமுன் செய்முறையை அறிந்துகொள்வது நலம். ஏனெனில், இக்கலையை நூலில் படித்து மட்டும் கற்க இயலாது என்பது அதன் செய்முறையைக் கண்டாலே விளங்கிவிடும்.

முதலில் வேண்டியது, தாளின் அளவைவிடச் சற்றே பெரிய, ஆழமற்ற தொட்டி. அதில் நிரப்பும் நீரில் ‘கித்ரே’ என்னும் பிசின் கரைக்கப்படுகிறது. அனத்தோலியா, ஈரான் மலைப்பகுதிகளில் வளரும் முட்செடி ஒன்றின் தண்டிலிருந்து வடிவது இப்பிசின். நம் வீடுகளில் சர்பத்துக்காக ஊறவைக்கும் பாதாம் பிசினைப் போலவே இதுவும் நீரை உறிஞ்சிப் பெருகும். ஓரிரு நாள்கள் ஊறவைத்துக் கலக்கித் துணியில் வடிகட்டினால், வண்ணத்தைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியான நீர் கிடைக்கும். நீர் மிகக் கெட்டியாகிவிட்டால் வண்ணம் பரவாது. நீர்த்துப் போனாலோ அடியில் அமிழ்ந்துவிடும்.

வண்ணங்கள் மண்ணிலிருந்தும் தாவரத்திலிருந்தும் பெறப்பட்டவை. செம்மண்ணும் மஞ்சள் மண்ணும், விளக்குப் புகையிலிருந்து திரட்டிய கரியும் அவற்றுள் முதன்மையானவை. நீலத்திற்கு உஸ்மானியக் கலைஞர்கள் நாடியது ‘லாகூர் சிவிதி’ என்று அவர்கள் அழைத்த இந்தியச் சாயத்தை. நம் வயல்களிலும் விளைந்த அவுரிச் செடியின் நீலமே அது. பெயரிலேயே லாகூரைச் சுமந்துகொண்டு அது இஸ்தான்புல் கடைகளில் விற்பனையாயிற்று. இப்பொருள்களைப் பளிங்குப் பலகைமேல் வைத்து, கையடக்கமான குழவி ஒன்றினால் நீர் விட்டு நெடுநேரம் அரைப்பர். அம்மியில் மசாலா அரைத்தவர்களுக்கு அந்த உழைப்பின் அளவு தெரியும்.

அரைத்த வண்ணத்தை அப்படியே தொட்டியில் விட்டால் அது மூழ்கிவிடும். அது மிதப்பதற்கும் பரவுவதற்கும் மாட்டின் பித்தநீர் சேர்க்கப்படுகிறது. பித்தநீர் பரப்பு இழுவிசையை மாற்றுவதால் வண்ணத்துளி நீர்மேல் வட்டமாக விரிகிறது. ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலந்து சேறாகிவிடாமல் தத்தம் எல்லையில் நிற்பதும் இதனால்தான். முதலில் தெளிக்கும் வண்ணத்திற்குக் குறைந்த அளவு பித்தநீர் போதும். அடுத்தடுத்த வண்ணங்கள், முன்னதை ஒதுக்கித் தமக்கு இடம் பிடிக்க வேண்டியிருப்பதால், சிறிது சிறிதாகக் கூடுதல் பித்தநீர் பெறுகின்றன. இத்தனை துளி என்று எண்ணிச் சொல்லிவிட முடியாத கணக்கு இது. அன்றைய வெப்பம், காற்றின் ஈரம், பிசினின் வயது, அரைத்த மண்ணின் தன்மை ஆகிய எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். அருகிருந்து பார்த்தவரின் கண்ணுக்கே அக்கணக்கு பிடிபடும்.

தூரிகையும் எளியதே. ரோஜாச் செடியின் நேரான கிளையில் குதிரை வால் முடியைச் சுற்றிக் கட்டி அதனைச் செய்கின்றனர். எப்போதும் ஈரத்திலேயே இருந்தாலும் ரோஜாக் கிளை எளிதில் பூஞ்சை பிடிப்பதில்லை, வளைந்தும் கொடுக்கும். வண்ணத்தில் தோய்த்த தூரிகையை இடக்கைச் சுட்டுவிரல்மேல் மெல்லத் தட்ட, துளிகள் தொட்டி முழுவதும் சிதறி விழுகின்றன. கற்களைப் பரப்பியது போன்ற அந்த முதல் தோற்றத்திற்கு ‘பத்தால்’ என்று பெயர். மற்ற வகைகளுக்கெல்லாம் அதுவே அடித்தளம். அதன்மேல் ஊசியொன்றை முன்னும் பின்னும் ஓட்டினால் ‘போ, வா’ எனப் பொருள்படும் வகை உண்டாகும். சீப்பினால் வாரினால் சீப்பு வகை. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றினால் ‘புல்புல் கூடு’ எனப்படும் வகை.

பின்னர், தாளை ஒரு பக்கத்திலிருந்து காற்றுக் குமிழ் சிக்காதவாறு நீர்மேல் மெதுவாகப் படியவிடுவர். சில நொடிகளில் வண்ணம் முழுவதும் தாளுக்கு வந்துவிடும். தொட்டியின் விளிம்பில் உரசியபடி தாளை இழுத்தெடுத்து உலரவிட்டால் வேலை முடிந்தது. நீர்மேல் இருந்த படம் இப்போது நீரில் இல்லை. அதே படத்தை இரண்டாம் முறை எடுக்க எவராலும் இயலாது. பிழை நேர்ந்தால் திருத்துவதற்கும் வழியில்லை. நீர்ப்பரப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பிஸ்மில்லாஹ் சொல்லித் தூரிகையைத் தட்டும் கலைஞர், தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, எஞ்சியதை நீரின் போக்கிற்கு விட்டுவிடுகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும் பாடத்தை நமக்கு இளமையிலேயே கற்பித்திருக்கிறார்கள். எப்ருத் தொட்டியின் முன் நிற்பவருக்கு அந்தப் பாடம் ஒவ்வொரு தாளிலும் நினைவுக்கு வரும் என்றே நாம் எண்ணுகிறோம்.

எழுத்துக்குப் பணிவிடை

இத்தனை உழைப்பில் பிறந்த காகிதம் உஸ்மானியர் காலத்தில் தனித்துச் சுவரில் மாட்டப்படுவதற்காகச் செய்யப்படவில்லை. அது நூலுக்காகவும் எழுத்துக்காகவும் செய்யப்பட்டது. நூலின் அட்டையையும் பக்கங்களையும் இணைக்கும் உட்தாளாக அது பயன்பட்டது. அழகிய எழுத்துக்கலைப் பலகைகளைச் சுற்றி ஓரமாக ஒட்டப்பட்டது. மிக மென்மையான வண்ணத்தில் எடுத்த தாள்கள்மேல் எழுத்துக் கலைஞர்கள் நேரடியாகவே எழுதினர். நடுவில் இறைவசனமோ நபிமொழியோ இருக்க, எப்ரு அதன் விளிம்பில் நின்றது.

ஆகவேதான் அதைச் செய்தோர் தாளில் தம் பெயரை எழுதும் வழக்கமும் இருக்கவில்லை. எழுத்துக் கலைஞர் தம் எழுத்தின் அடியில் கையொப்பமிட்டார். அதைச் சுற்றியுள்ள வண்ணக் காகிதத்தைச் செய்தவர் பெயர் சொல்லாமலேயே சென்றார். பல நூற்றாண்டுத் தாள்கள் கிடைத்தும் கலைஞர்களின் பெயர்கள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்திருப்பதன் காரணம் இதுவே.

அவ்வாறு தப்பிப் பிழைத்த முதற்பெயர்களுள் ஒன்று ஷெபெக் முஹம்மது எஃபெந்தி என்பதாகும். கர்பலா ஷஹீதுகளைப் பற்றிக் கவிஞர் ஃபுஸூலி இயற்றிய ‘ஹதீகத்துஸ் ஸுஅதா’ நூலின் 1595ஆம் ஆண்டுப் படி ஒன்றில் அவருடைய எப்ருத் தாள்கள் இடம்பெற்றுள்ளன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘தர்தீபே ரிஸாலயே எப்ரி’ என்னும் சிறு கையேடே இக்கலை குறித்து உஸ்மானிய நாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். அதிலும் ஷெபெக்கின் பெயர் காணப்படுகிறது.

‘துருக்கிக் காகிதம்’

இஸ்தான்புல் வந்த ஐரோப்பியப் பயணிகள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாள்களை விரும்பி வாங்கிச் சென்றனர். நண்பர்களிடம் கையொப்பம் பெறும் குறிப்பேடுகளில் அவற்றைச் சேர்த்துக் கட்டினர். ‘துருக்கிக் காகிதம்’ என்பதே ஐரோப்பாவில் அதற்கு வழங்கிய பெயர். 1627ஆம் ஆண்டு வெளியான நூல் ஒன்றில், ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், துருக்கியரிடம் உள்ள இந்த அழகிய கலை தம் நாட்டில் வழக்கில் இல்லை என்று குறிப்பிடுகிறார். விரைவிலேயே ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் பைண்டிங் கூடங்களில் அது வேரூன்றியது.

ஒரு தாளைப் போல் மறு தாள் அமையாது என்ற இயல்பு அரசாங்கங்களுக்கும் பயன்பட்டது. 1775ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பேரவை வெளியிட்ட 20 டாலர் தாளின் ஓரத்தில், கள்ள நோட்டைத் தடுப்பதற்காக இவ்வண்ணக் காகிதம் பயன்பட்டது. அக்காகிதத்தைத் தந்து உதவியவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

பின்னர் ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகின. அச்சு இயந்திரம் எப்ருவின் தோற்றத்தை மலிவாக நகலெடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியக் காகிதங்கள் உஸ்மானியச் சந்தையிலும் நிரம்பின. கையால் எழுதி, கையால் கட்டும் நூல்கள் குறைந்துகொண்டே வந்தன. எப்ருவை நாடுவோரும் குறைந்தனர். இக்காலத்தில் அதைக் காத்தவர்களின் கதை, அதற்குச் சற்று முந்தைய ஒரு கதீபிடமிருந்து தொடங்குகிறது.

அயா சோஃபியாவின் கதீப்

18ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் அயா சோஃபியா பள்ளிவாசலில் குத்பா ஓதும் கதீபாக இருந்தவர் முஹம்மது எஃபெந்தி. அவர் எப்ருவில் ஒரு புதுவகையைக் கண்டார். மென்வண்ணத் தரையின்மேல் சீரான இடைவெளியில் ஒரு துளி, அதனுள் இன்னொரு துளி, அதனுள் மற்றொன்று என வட்டங்களை அடுக்கினார். பின் மெல்லிய ஊசியால் அவற்றை இழுத்து, இதயமாகவும் நட்சத்திரமாகவும் சுழலும் சக்கரமாகவும் மாற்றினார். அதுவரை மேகமும் கல்லுமாக இருந்த கலையில் மலரின் சாயல் முதன்முதலில் தென்பட்டது அங்கேதான். அவ்வகை இன்றளவும் ‘கதீப் எப்ரு’ என்றே அழைக்கப்படுகிறது. கையொப்பமிடும் வழக்கம் இல்லாத கலையில், கலைஞரின் பதவியே அவர் படைப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

1773ஆம் ஆண்டு, ஹோஜாபாஷாப் பகுதியிலிருந்த அவருடைய வீட்டில் தீப்பிடித்தது. மரவீடுகள் நெருங்கிய அந்நகரில் தீ என்றால் தெருவே அஞ்சும். உள்ளே இருந்த எப்ருத் தாள்களைக் காப்பாற்ற முயன்ற கதீப் அத்தீயிலேயே வஃபாத் ஆனார். ஒருமுறை எரிந்தால் மறுமுறை செய்ய இயலாத தாள்கள் அவை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

உஸ்குதாரின் உஸ்பெக் தைக்கா

பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில், உஸ்குதார்ப் பகுதியின் குன்றொன்றின்மீது உஸ்பெக்குகளின் தைக்கா ஒன்று உள்ளது. நக்ஷபந்தி தரீக்காவைச் சேர்ந்த அது 18ஆம் நூற்றாண்டில் அமைந்தது. புகாரா, சமர்கந்து முதலிய ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் இஸ்தான்புல் வழியே செல்கையில் அங்கே தங்கினர். வழிப்போக்கருக்கு உணவும் இடமும் தந்த நம் ஊர்த் தைக்காக்களையும் முசாஃபிர்கானாக்களையும் போன்றதே அதுவும். ‘தெக்கே’ என்று துருக்கியரும் ‘தைக்கா’ என்று நாமும் சொல்வது ஒரே சொல்லைத்தான்.

புகாராப் பகுதியிலிருந்து வந்த ஷைகு சாதிக் எஃபெந்தி அத்தைக்காவின் தலைவராக இருந்தார். தம் தாயகத்திலேயே எப்ருவைக் கற்றிருந்த அவர், அதைத் தம் மைந்தர்களுக்குக் கற்பித்தார். 1846ஆம் ஆண்டு அவர் வஃபாத்தானார். மைந்தருள் இப்ராஹீம் அத்ஹம் எஃபெந்தி (1829–1904) தந்தையின் இடத்திற்கு உயர்ந்தார். அவரை மக்கள் ‘ஹஸார்ஃபன்’ என்றனர். ஆயிரம் கலை வல்லவர் என்பது பொருள். தச்சு வேலை, கடைசல், உலோக வார்ப்பு, அச்சுத் தொழில் என அவர் கை வைக்காத தொழில் அரிது. திக்ரு மஜ்லிஸ் நடந்த அதே வளாகத்தில் பட்டறை ஓசையும் கேட்டது. எப்ரு அவருடைய பல கலைகளுள் ஒன்று மட்டுமே. ஆயினும் நகரம் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தைக்காவில் தொட்டி வற்றவில்லை.

ரோஜா வளர்த்த இமாம்

அத்ஹம் எஃபெந்தியின் இறுதி ஆண்டுகளில் அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்தான் ஹாஃபிழ் நஜ்முத்தீன் (1883–1976). உஸ்குதாரின் யெனி வாலிதெ பள்ளிவாசலில் அவருடைய தந்தையார் இமாமாக இருந்தார். பின்னாளில் மைந்தரும் அங்கேயே இமாமாகவும் கதீபாகவும் நெடுங்காலம் பணியாற்றினார். உஸ்தாதைப் போலவே மாணவரும் ‘ஹஸார்ஃபன்’ என்று பெயர் பெற்றார். எழுத்துக்கலை, மை செய்தல், காகிதத்திற்கு மெருகேற்றுதல், நூல் கட்டுதல், வில்வித்தை ஆகியவற்றோடு, நூற்றுக்கணக்கான ரோஜா வகைகளை வளர்ப்பதிலும் அவர் தேர்ந்தவர். 1934ஆம் ஆண்டின் சட்டப்படி துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள நேர்ந்தபோது, அம்பும் வில்லும் எனப் பொருள்படும் ‘ஒக்யாய்’ என்பதையே அவர் தேர்ந்தார்.

1916ஆம் ஆண்டு முதல், எழுத்துக் கலைஞர்களுக்கான மதரஸாவில் எப்ருவும் காகித மெருகும் கற்பிக்கும் ஆசிரியராக அவர் அமர்ந்தார். 1918ஆம் ஆண்டையொட்டி, கதீபின் தொட்டியில் சாயலாகத் தோன்றிய மலரை அவர் முழு மலராக்கினார். துலிப், கார்னேஷன், பதுமராகம் ஆகியவை இன்ன மலர் என்று அடையாளம் சொல்லும்படி நீர்மேல் மலர்ந்தன. தோட்டத்தில் நாளெல்லாம் மலர்களைப் பேணிய கண்ணும் கையும் தொட்டியிலும் அதையே செய்திருக்கின்றன. மற்றொரு நுட்பமும் அவருடையது. தாளில் முதலில் அரபுக் கோந்தினால் எழுதி உலரவிட்டு, பிறகு அதை நீர்மேல் படியவிடுவார். கோந்து இருக்கும் இடத்தில் வண்ணம் பிடிக்காது. வண்ண மேகத்தின் நடுவே ‘அல்லாஹ்’ என்னும் திருநாமம் தாளின் வெண்மையிலேயே ஒளிரும்.

ஆனால் அவர் வாழ்ந்த காலம் எளிய காலமன்று. 1925ஆம் ஆண்டின் இறுதியில் துருக்கிக் குடியரசு தைக்காக்கள் அனைத்தையும் மூடியது. 1928ஆம் ஆண்டு நவம்பரில் அரபு எழுத்து விலக்கப்பட்டு லத்தீன் எழுத்து சட்டமாயிற்று. ஒரு தலைமுறைக்குள், மக்கள் தம் பாட்டனாரின் கல்லறைக் கல்லைக்கூடப் படிக்க இயலாதவர் ஆயினர். எழுத்துக் கலைஞருக்கு வேலை போயிற்று. எழுத்துக்குப் பணிவிடை செய்துவந்த எப்ருவுக்கும் போயிற்று. 1933ஆம் ஆண்டு, எப்ருவில் வல்லவராக வளர்ந்துவந்த அவருடைய மைந்தர் சாமி இளமையிலேயே மறைந்தார்.

எனினும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. நுண்கலைக் கழகத்தில் துருக்கிய அலங்காரக் கலைகளுக்கென 1936இல் பிரிவு தொடங்கப்பட்டபோது அங்கே ஆசிரியராகச் சென்று, 1948ஆம் ஆண்டு ஓய்வுபெறும் வரை கற்பித்தார். கலை பிழைத்துக்கொண்டதா என்ற கேள்விக்கு அந்நாளில் எவரும் உறுதியாக விடை சொல்லியிருக்க முடியாது. அவர் செய்யக்கூடியதாக இருந்தது, வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே.

உஸ்குதாரின் கடை

வந்தவர்களுள் ஒருவர் அவருடைய உறவினரான முஸ்தஃபா தூஸ்குன்மான் (1920–1990). 1938ஆம் ஆண்டு நுண்கலைக் கழகத்தில் சேர்ந்து ஒக்யாயிடம் நூல் கட்டுதலும் எப்ருவும் பயின்றார். ஆனால் அவருடைய பிழைப்பு உஸ்குதாரில் இருந்த அத்தார் கடையில். மூலிகை, மசாலா, வாசனைப் பொருள் விற்கும் கடை அது; நம் ஊர் நாட்டு மருந்துக் கடை போன்றது. ஓய்ந்த நேரத்தில் மண் அரைத்து, பித்தநீர் அளந்து, தொட்டியின் முன் நின்றார்.

பழைய முறையிலிருந்து வழுவாமை அவருடைய கொள்கை. ஆயத்தச் சாயங்களை நாடாமல், உஸ்தாத் காட்டிய மண் வண்ணங்களையே பேணினார். மலர் வகைகளில் டெய்சி மலரை மட்டும் தம் பங்காகச் சேர்த்தார். பல பத்தாண்டுகள் இக்கலையை நாள்தோறும் செய்தவர் அவர் ஒருவரே என்னும்படியான காலமும் இருந்தது. அக்காலத்தில் புகாராவிலிருந்து வந்த அறிவு முழுவதும் ஒரு கடைக்காரரின் பத்து விரல்களில் தங்கியிருந்தது எனலாம். அவர் கற்பித்த மாணவர்கள் பலர் உஸ்தாதுகள் ஆயினர். அவர்களுடைய மாணவர்கள் இன்று துருக்கி முழுவதிலும் பிற நாடுகளிலும் பரவியுள்ளனர்.

2014ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் எப்ருவைச் சேர்த்தது. உஸ்தாதுக்கும் மாணவருக்கும் இடையே வாய்மொழியாகவும் நேர்ப்பயிற்சியாலும் இக்கலை கடத்தப்படுவதையும், அடிப்படைத் தேர்ச்சிக்கே குறைந்தது 2 ஆண்டுகள் ஆகும் என்பதையும் அப்பதிவு குறிப்பிடுகிறது. இன்று அதைக் கற்போரில் பெண்களும் பெருமளவில் உள்ளனர்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பீஜப்பூரில் ஓய்ந்த கலை இஸ்தான்புல்லில் ஏன் பிழைத்தது என்ற கேள்விக்கு இப்போது திரும்புவோம். தக்காணத்து ஓவியம் அரசவையின் நிழலில் வளர்ந்தது. அரசு வீழ்ந்ததும் நிழலும் போயிற்று. இஸ்தான்புல்லிலும் பேரரசு வீழ்ந்தது, தைக்கா மூடப்பட்டது, எழுத்தே மாறியது. ஆயினும் அங்கே இக்கலை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு, ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றுகொண்டிருந்தது. சாதிக் எஃபெந்தி, அத்ஹம் எஃபெந்தி, ஒக்யாய், தூஸ்குன்மான் என அந்தச் சங்கிலியை நால்வர் பெயரில் சொல்லி முடித்துவிடலாம். அவர்களில் ஒருவர் மாணவர் இல்லாமல் மறைந்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். ஹதீஸ் கலையில் ஸனதையும் தரீக்காவில் சில்சிலாவையும் போற்றும் சமுதாயத்திற்கு, ஒரு கண்ணியின் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

நம்மிடையேயும் அத்தகைய கைகள் உள்ளன. பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தார் கோரையைப் பட்டு நூல்போல மெலிதாகக் கிழித்து நெய்யும் பாயை நாம் அறிவோம். மணமக்களின் பெயரை நெய்து கொடுக்கும் அந்தப் பாய்களில் எத்தனையோ நிக்காஹ்கள் நினைவுகூரப்படுகின்றன. அரபுத் தமிழை எழுத்துக்கூட்டி ஓதத் தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பாராட்டு விழாக்களால் இவை நிலைத்துவிடா. கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளை அருகில் அமர்ந்தால்தான் நிலைக்கும்.

இன்னொரு சிறிய வேண்டுகோளும் உண்டு. வீட்டில் உள்ள பழைய கிதாபைப் புதிதாக பைண்டிங் செய்யக் கொடுக்கும்போது, உட்தாள் கிழிந்துவிட்டது என்று எறிந்துவிடாமல், அதையும் சேர்த்துக் கட்டித் தரும்படி கேட்போம். அது அச்சு நகலாகவே இருந்தாலும், நூலை மதித்தோர் அதற்கு அணிவித்த ஆடை அது. கையால் செய்த தாளாக இருந்துவிட்டாலோ, உலகில் அதற்கு இணையான இன்னொரு தாள் இல்லை. அதைச் செய்தவர் தம் பெயரை எங்கும் எழுதிச் செல்லவில்லை. அவருக்காக ஒரு துஆச் செய்வது நம்மால் இயன்ற கைம்மாறு. அல்லாஹ் அவர்கள் அனைவரின் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.